போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது? சேலம் மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு கையேடு

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஒன்றில் பைக் சறுக்குகிறது. 108 ஆம்புலன்ஸ் அடிபட்டவரைச் சேலத்துக்குக் கொண்டுவருகிறது. தையல் போட்டு முடிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் கவுண்டரில் வந்து நின்று, "சிஸ்டர், அந்தப் பையன் குடிச்சிருந்தானா? கூட வந்த பொண்ணு யாருங்க?" என்று கேட்கிறார். கேட்பது அவர் வேலை, அதில் தப்பில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, யார் சொல்ல வேண்டும் என்பதைப் பெரும்பாலான இடங்களில் கவுண்டரில் நிற்பவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சிலர் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். சிலர் அதே பயத்தில் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பொய் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் வம்பில்தான் முடியும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கேஸ் வந்திருக்கிறது என்று காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது ஒரு வேலை. நோயாளியின் மருத்துவ விவரங்களைக் கொடுப்பது வேறு வேலை. தகவல் கொடுப்பது தாமதமில்லாமல் நடக்க வேண்டும். விவரங்கள் எழுத்தில் வந்த உத்தரவுக்கு, பொறுப்பான ஒருவர் கையால், கேட்ட அளவுக்கு மட்டும் போக வேண்டும்.

ரகசியம் காப்பது போலீஸுக்கு எதிரான வேலை இல்லை. விஷம் குடித்து வருபவரை நினைத்துப் பாருங்கள். பூச்சிமருந்தா, களைக்கொல்லியா, சாணிப் பவுடரா என்பது தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் தேவை. பாராகுவாட் களைக்கொல்லி என்றால் தேவையில்லாமல் கொடுக்கும் ஆக்சிஜனே நுரையீரலை மேலும் கெடுக்கும். வாசலில் நிற்கும் போலீஸைப் பார்த்து பயந்து அந்த ஆள் பொய் சொன்னால் போவது அவர் உயிர். அதனால் அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், அது எல்லாருக்கும் போறதுதான். தற்கொலைக்கு முயன்றதுக்காக மட்டும் உங்க மேல கேஸ் வராது. என்ன குடிச்சீங்கன்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க." இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டுமே 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது.

இன்டிமேஷனும் ஏ.ஆர். பதிவும்

விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம், பாலியல் வன்முறை, சந்தேக மரணம் என எதுவானாலும் சிகிச்சைதான் முதலில். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எப்.ஐ.ஆர். போடட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்டிமேஷன் தாளில், அதாவது ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் தகவல் தாளில், போக வேண்டியவை: பெயர், வயது, முகவரி, வந்த தேதி, நேரம், யார் சொன்ன தகவல், எப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது, காயத்தின் சுருக்கம், நோயாளியின் நிலை. அங்கேயே நிறுத்திவிடுங்கள். சர்க்கரை, மனநல மருந்து, பழைய ஆபரேஷன், கர்ப்பப் பரிசோதனை முடிவு எதற்கும் அந்தத் தாளில் வேலையில்லை.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில் அதிகம் தப்பு நடப்பது "எப்படி நடந்தது" என்ற இடத்தில்தான். நோயாளி "தெரிஞ்ச ரெண்டு பேர் கட்டையால அடிச்சாங்க" என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எத்தனை பேர், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு என்ற ஐந்தும் வர வேண்டும். சொன்னது நோயாளியா, கூட வந்த மச்சானா என்பதையும் எழுதுங்கள். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது உறவினர் சொன்னதை நோயாளி சொன்னதாக எழுதிவிட்டால், ஆறு வருடம் கழித்துக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியிலேயே கேஸ் சாயும். ஊகத்தை எழுத வேண்டாம். வாயில் சாராய வாசனை வந்தால் "வாசனை இருந்தது" என்பது பதிவு. "குடிபோதையில் விழுந்தார்" என்பது தீர்ப்பு.

தாள் எந்த ஸ்டேஷனுக்குப் போகும் என்பதில் சேலத்தில் ஒரு குழப்பம் உண்டு. மாநகரத்துக்குக் கமிஷனர் அலுவலகம் தனி, மாவட்டக் காவல்துறை தனி. மலையில் நடந்தது ஏற்காடு ஸ்டேஷன் எல்லை. நோயாளி கிடப்பதோ ஐந்து ரோடு பக்கம் மாநகர எல்லைக்குள். மருத்துவமனை எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறதோ அங்கே இன்டிமேஷன் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்தும் நேரமும் வாங்கிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. அரசு மருத்துவமனை என்றால் வளாகத்துப் புறக்காவல் நிலையத்தில் கொடுக்கலாம். அங்கிருந்து சம்பவம் நடந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. இதனால் ஒரே நோயாளிக்காக இரண்டு ஸ்டேஷன் ஆட்கள் வந்து கேட்பது சகஜம். குற்ற எண் (எப்.ஐ.ஆர். எண்) யாரிடம் இருக்கிறது, விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு, அவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்த வழிப்போக்கரின் பெயரை வற்புறுத்தி வாங்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் விதிகளும் அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. விரும்பிச் சொன்னால் எழுதலாம். இல்லையென்றால் "பொதுநபர்" என்று எழுதினால் போதும்.

கவுண்டரில் வந்து கேட்டால்

ஒவ்வொரு ஷிப்டுக்கும் பதில் சொல்லும் ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். பகலில் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அதிகாரி) அல்லது நிர்வாக அதிகாரி, இரவில் டியூட்டி டாக்டர். ஏற்காட்டில் ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக் என்றால் அந்த டாக்டர்தான். பெயர் கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கட்டும். மற்ற எல்லாருக்கும், செக்யூரிட்டி முதல் லேப் வரை, ஒரே பதில்தான்:

"உட்காருங்க சார். இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க டியூட்டி டாக்டர்ங்க. இப்பவே கூப்பிடுறேன்."

கூப்பிடுவதாகச் சொன்னால் உடனே கூப்பிட வேண்டும். அரைமணி நேரம் நிற்க வைத்தால் அவர் வார்டுக்குள் போய் அட்டெண்டரிடம் கேட்டுக்கொள்வார். ரகசியம் கசிவது பெரும்பாலும் இப்படித்தான், எழுத்து மூலமாக இல்லை. டாக்டர் வந்ததும் பேச்சைக் கவுண்டரிலிருந்து ஓர் அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள். கவுண்டரில் பக்கத்தில் நிற்பது எதிர்த்தரப்பு உறவினராகக்கூட இருக்கலாம்.

ஒரு நீள நோட்டில் தேதி, நேரம், அதிகாரியின் பெயர், பதவி, ஸ்டேஷன், குற்ற எண் அல்லது சி.எஸ்.ஆர். எண் (புகார் ரசீது எண்), என்ன கேட்டார், என்ன கொடுத்தோம், எத்தனை பக்கம், கொடுத்தவர் பெயர், பெற்றவர் கையெழுத்து என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினாலும் ஒரு வரி எழுத வேண்டும். இந்த நோட்டு பூட்டி இருக்கட்டும். அதுவே ஒரு ரகசிய ஆவணம்.

போனில் "நான் ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன்" என்றால் நோயாளி இங்கே இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல வேண்டாம். பெயர், பதவி, ஸ்டேஷன் மூன்றையும் வாங்கிக்கொண்டு, அந்த ஸ்டேஷனின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள், அவர் கொடுத்த எண்ணுக்கு இல்லை. வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணைத் தேடும் கணவர் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?

எழுத்தில் உத்தரவு

கேஸ் ஷீட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றைக் கேட்க போலீஸுக்கு வழி இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-வது பிரிவு, பழைய சட்டத்தில் 91. நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவிட வேண்டும், தாளிலோ மின்னணு வடிவிலோ. அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் கையெழுத்திட்டால், பொறுப்பில் இருப்பவர் என்று எழுதியிருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் பெயரை எழுதி நீட்டுவது உத்தரவு ஆகாது.

உத்தரவு வந்ததும் குற்ற எண், சட்டப் பிரிவு, நோயாளியின் பெயர், எந்த ஆவணம், எந்தத் தேதிக்கு உட்பட்டது என்று பாருங்கள். "எல்லா ரெக்கார்டும்" என்று இருந்தால், எந்த அட்மிஷன் என்று எழுத்தில் கேளுங்கள். கத்திக்குத்து கேஸுக்கு ஐந்து வருடத்துக்கு முந்தைய கருப்பை ஆபரேஷன் தாள்கள் தேவையில்லை. மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ சம்பந்தப்பட்ட சட்ட அதிகாரிகளோ கேட்டால் ஒப்புதல் கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். இந்த அவகாசத்தை அவரிடமே சொல்லுங்கள். இழுத்தடிக்கவும் வேண்டாம், அவசரத்தில் மூலத்தைக் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

கொடுக்கும்போது நகல்தான். பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் "உண்மை நகல்" முத்திரையும் கையெழுத்தும் வைத்து, உறையில் போட்டு ஒட்டி, அதன் மேல் கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரியின் பதவிப் பெயருக்கு முகவரி எழுதி அனுப்புங்கள். நேரில் யாரும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆவணம் சேர்ந்தால் போதும் என்று 94-வது பிரிவே சொல்கிறது. மூலம்தான் வேண்டும் என்று கைப்பற்றினால், பட்டியல் எழுதி வாங்குங்கள், அதற்கு முன்பே முழு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அதே நோயாளி திரும்ப வந்தால் சிகிச்சைக்கு அது வேண்டும்.

வாட்ஸ்அப்பில் உத்தரவின் படம் வந்தால் ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பதிலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

சிசிடிவி கேட்டால் முதல் வேலை, உரிய கேமராவின் உரிய நேரத்துப் பதிவைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துவது. பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். பிறகு "அழித்துவிட்டார்கள்" என்ற பழி வரும். பதிவோடு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின் சான்றிதழும் போக வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) அதில் எழுத வேண்டும். மானிட்டரை போனில் படம் பிடிக்க விடாதீர்கள். அந்தத் திரையில் மற்ற நோயாளிகளும் இருக்கிறார்கள்.

வாய்மொழி விசாரணை

இந்தியச் சட்டத்தில் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இருப்பதுபோல டாக்டருக்கும் நோயாளிக்கும் சாட்சியச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எனவே "ரகசியம், சொல்லமாட்டேன்" என்று முற்றாக மறுத்து உட்கார முடியாது. பி.என்.எஸ்.எஸ். 180-வது பிரிவில் விசாரணை அதிகாரி கேட்கும் வழக்குத் தொடர்பான கேள்விக்கு உண்மையான பதில் சொல்லக் கடமை உண்டு. உங்களையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் தேவையில்லை. ஸ்டேஷனில் பழக்கத்தில் இன்னும் "161 ஸ்டேட்மென்ட்" என்பார்கள். பழைய சட்டத்தின் 161-வது பிரிவுதான் இது.

நீங்கள் கண்ணால் பார்த்தது, கையால் செய்தது, அந்த வழக்கைச் சேர்ந்தது; இவ்வளவுதான் உங்கள் பதில். இன்னொரு சிஸ்டர் சொன்னதை நீங்கள் சொல்ல வேண்டாம். மருத்துவக் கருத்தை நர்ஸிடம் கேட்டால், "அதை டாக்டர்தான் சொல்லணும்ங்க" என்பது முழு உண்மை. நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லுங்கள். ஷீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் 179-வது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட அல்லது 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. நைட் டியூட்டி முடித்த நர்ஸை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவது இந்தப் பிரிவுக்கு நேர் எதிரானது. நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் இதைத் தெரிந்து வைத்திருந்து தன் பெண்களுக்காக முன்னால் நிற்க வேண்டும். சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டால், 181-வது பிரிவின்படி அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது. வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திடாதீர்கள்.

இரட்டைப் பூட்டுப் பக்கங்கள்

சில விவரங்களுக்கு 94-வது பிரிவு உத்தரவு மட்டும் போதாது. எச்.ஐ.வி. நிலை அதில் முதலாவது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவு, வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும், நோயாளியின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் அதை வெளியிடத் தடை விதிக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்யும்போதே இங்கே தப்பு நடக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, "பக்கம் 14 எச்.ஐ.வி. சட்டப்படி நிறுத்தப்பட்டது" என்று குறிப்பு எழுதினால் அதுவே அறிவிப்பாகிவிடும். பாசிட்டிவ் என்றால் மட்டும் எடுப்பதும் அப்படியே. எல்லா நோயாளிகளின் நகலிலும், முடிவு எதுவானாலும், அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துவிடுவதை வழக்கமாக்குங்கள். கவரிங் கடிதத்தில் "நீதிமன்ற ஆணை தேவைப்படும் தாள்கள் சேர்க்கப்படவில்லை" என்ற ஒரே வாசகம் எல்லாருக்கும் போகட்டும். மருந்துப் பட்டியலும், ஷீட்டின் மேல் ஒட்டிய கலர் ஸ்டிக்கரும் காட்டிக்கொடுக்கும், அவற்றையும் பாருங்கள்.

கருக்கலைப்புப் பதிவேடு அடுத்தது. கருக்கலைப்புச் சட்டத்தின் (எம்.டி.பி. சட்டம்) 5ஏ பிரிவின்படி, சட்டம் அதிகாரம் கொடுத்தவரைத் தவிர யாரிடமும் பெண்ணின் பெயரையும் விவரத்தையும் டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. மற்றத் தாள்களில் வரிசை எண் மட்டும் இருக்க வேண்டும். வார்டு போர்டில் பெயருக்குப் பக்கத்தில் "எம்.டி.பி." என்று சாக்பீஸால் எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ 19-வது பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கல்யாணம் ஆகியிருந்தாலும். ஆனால் கருக்கலைப்புக்கு வந்து, அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பின்னால் தொடரும் குற்ற வழக்கிலும் அப்படியே. இது பல ஸ்டேஷன்களுக்குப் புதிதாக இருக்கும். தீர்ப்பின் நகல் ஒன்றை வைத்திருந்து மரியாதையாகக் காட்டுங்கள்.

பாலியல் வன்முறையில் தப்பி வந்தவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவச சிகிச்சை கொடுத்து உடனே போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 397. ஆனால் உடல் பரிசோதனைக்கு அவர் சம்மதம் வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடருங்கள். அவர் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். படுக்கைக்குப் பக்கத்தில் பெண் காவலரைச் சீருடையில் உட்கார வைத்தாலே வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். தனி அறை கொடுங்கள்.

எழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி நம்பும்படி சொன்னால், அந்த ஆபத்தை மட்டும் உடனே தெரிவிக்க நெறிமுறை விதியும் மனநலச் சட்டமும் இடம் தருகின்றன. அடையாளம் தெரியாத மயக்க நோயாளியின் போட்டோவைப் போலீஸிடம் கொடுக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது.

படுக்கையில் இருப்பவரை விசாரிக்க வந்தால்

பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதை டாக்டர் பார்த்து, நேரத்தோடு ஷீட்டில் எழுத வேண்டும். மார்பினோ மிடசோலாமோ போட்டிருந்தால் கடைசி டோஸ் நேரத்தையும் எழுதுங்கள். நோயாளி பேசுவதா வேண்டாமா என்பதில் டாக்டர் தலையிட வேண்டாம். திரையை இழுத்துவிட்டு, உறவினரை வெளியே அனுப்பி, நர்ஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். கைதியாக வந்தவரைப் பரிசோதிக்கும்போது காவலர் கதவுக்கு வெளியே, பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்கட்டும். காயப் பதிவின் நகல் பி.என்.எஸ்.எஸ். 53-வது பிரிவின்படி அந்தக் கைதிக்கே உரியது.

குடித்து வண்டி ஓட்டியதாக ரத்தம் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 204-இன்படி உள்நோயாளி என்றால் சிகிச்சை தரும் டாக்டருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சைக்குக் கெடுதல் என்று அவர் மறுத்தால் எடுக்கக் கூடாது. எடுக்கும்போது ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். சோடியம் புளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து முத்திரை வையுங்கள். சிகிச்சைக்காக எடுத்து லேப்பில் மீந்திருக்கும் ரத்தத்தை எடுத்து நீட்டுவது வேண்டாம்.

சோதனை போட ஆட்கள் வந்தால் வழிமறிக்காதீர்கள்; ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி அவர்கள் வீடியோ எடுக்க வேண்டும். அந்த வீடியோவில் மற்றப் படுக்கைகள் விழாதபடி திரை போட்டுக்கொடுங்கள்.

எல்லாரும் போன பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. விசாரணை அதிகாரி எழுத்தில் தடை சொல்லாத வரை, நோயாளியிடம் போய் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். கொடுத்த தாள்களின் நகல் வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு நோட்டில் அந்த நேரத்தையும் எழுதி, அடுத்த ஷிப்ட் பொறுப்பாளர் கையில் சாவியோடு ஒப்படையுங்கள்.